அரிய இதழ்களும் அறுபட்ட தொகுதிகளும்

அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் செய்தித்தாள்கள் இன்று இணைய ஏலங்களிலும் பழம்பொருள் வணிகர்களின் பட்டியல்களிலும் தனித்தனி இதழ்களாக விற்கப்படுகின்றன. பாஸ்டனில் வில்லியம் லாயிட் கேரிசன் நடத்திய ‘லிபரேட்டர்’ வார இதழின் ஒரு பிரதி, நான்கே பக்கம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஏற்றது என்ற பரிந்துரையோடு வருகிறது. விற்பனைக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு சிறு வரி இருக்கும்: கட்டப்பட்ட தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, இடது ஓரத்தில் தையல் துளைகள் உண்டு. வாங்குகிறவர் இதைத் தாளின் நிலை பற்றிய நேர்மையான தகவலாக எடுத்துக்கொள்வார். எனக்கு அது ஒரு தொகுதி அழிக்கப்பட்டதற்கான வாக்குமூலமாகப் படுகிறது. ஏதோ ஒரு நூலகத்தில் அல்லது குடும்பத்தில் ஓராண்டின் இதழ்கள் அனைத்தும் வரிசை குலையாமல் நூறாண்டுக்கு மேல் இருந்திருக்கின்றன. பிறகு ஒரு நாள் தையல் அறுக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்றாக எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சேகரிப்போரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையெனில் இத்துறையில் எனக்கும் என் போன்றோருக்கும் படிப்பதற்கு மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். செய்தித்தாளை நாணயம், தபால்தலை போலத் தனிப்பொருளாக எண்ணிச் சேகரிக்கும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். செய்தித்தாள் தனிப்பொருள் அன்று. அது ஒரு தொடர்ச்சி. தொடர்ச்சியிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இதழ், நீண்ட உரையாடலின் நடுவே கேட்ட ஒற்றை வாக்கியத்துக்கு நிகரானது.

தமிழில் ‘அரிய’ என்ற சொல் கிடைப்பதற்கு அரியதையும் குறிக்கும், செய்வதற்கு அரியதையும் குறிக்கும், போற்றுதற்குரியதையும் குறிக்கும். சந்தை இவற்றுள் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. இவ்விதழ்கள் எவ்வாறு அரிதாயின என்று அது கேட்பதில்லை. அந்த வரலாறோ தற்செயலானது அன்று. 1835ஆம் ஆண்டு அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் தன் வெளியீடுகளைத் தென்மாநிலங்களுக்கு அஞ்சலில் பெருமளவில் அனுப்பத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் அஞ்சலகத்துக்குள் புகுந்து அக்கட்டுகளை எடுத்துச் சென்றது. மறுநாள் திரண்ட கூட்டத்தின் முன்னிலையில் அவை எரிக்கப்பட்டன. அஞ்சல் துறைத் தலைவராயிருந்த ஏமஸ் கெண்டல், தென்மாநில அஞ்சலகங்கள் இத்தகைய தாள்களைத் தடுத்து வைத்துக்கொள்வதைக் கண்டும் காணாமல் இருந்தார். மறு ஆண்டு சின்சினாட்டியில் ஜேம்ஸ் பர்னியின் ‘ஃபிலாந்த்ரபிஸ்ட்’ இதழை அச்சிட்ட பொறி இரண்டு முறை தாக்கப்பட்டது. இலினாய் மாநிலத்தின் ஆல்டனில் இலைஜா லவ்ஜாய் தம் நான்காவது அச்சுப்பொறியைக் காக்க முயன்றபோது, 1837 நவம்பர் 7 அன்று, சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொறியின் ஒரு பகுதி 1915இல் மிசிசிப்பி ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது.

கருப்பின மக்கள் தாமே நடத்திய இதழ்களின் கதி இன்னும் கடுமையானது. வெள்ளையர் நடத்திய ‘லிபரேட்டர்’ 1831 ஜனவரி 1 முதல் 1865 டிசம்பர் 29 வரை 1,820 இதழ்கள் வெளிவந்தது; முழு வரிசைகள் பல நூலகங்களில் உள்ளன. ஆனால் அந்த இதழை முதலில் தாங்கி நின்றவர்கள் கருப்பினச் சந்தாதாரர்கள். ஃபிலடெல்ஃபியாவின் பாய்மரத் தொழில் முதலாளி ஜேம்ஸ் ஃபோர்ட்டன், முதல் இதழ் வெளிவரும் முன்பே 27 சந்தாக்களுக்கான பணத்தை அனுப்பிவைத்தார். அவர்கள் தங்கள் சமூகத்துக்கென நடத்திய இதழ்களுக்கு அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் 1827 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் தொடங்கிய ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ இரண்டே ஆண்டுகளில் நின்றது. வில்லிஸ் ஹாட்ஜஸ் 1847இல் தொடங்கிய ‘ராம்ஸ் ஹார்ன்’ இதழின் கதை மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது: நியூயார்க் மாநிலத்தில் கருப்பின மக்களின் வாக்குரிமைக்கு எதிராக ‘சன்’ நாளிதழ் எழுதியபோது ஹாட்ஜஸ் மறுப்பு அனுப்பினார், நாளிதழ் அதைத் திருத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு, விளம்பரமாக வெளியிட்டது. அதன்பின் அவர் சொந்த இதழ் தொடங்கினார். இன்று அவ்விதழின் ஒரே ஒரு பிரதியே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது.

ஃபிரெடரிக் டக்ளஸ் 1847 டிசம்பரில் ராச்செஸ்டரில் தொடங்கிய ‘நார்த் ஸ்டார்’ பின்னர் ‘ஃபிரெடரிக் டக்ளஸ் பேப்பர்’ என்று பெயர் மாறி 1860 வரை வந்தது. அத்தொடரைத் தொகுதிகளாகக் கட்டித் தம் வீட்டில் வைத்திருந்தார் அவர். 1872 ஜூனில் வீடு தீக்கிரையானபோது அவையும் எரிந்தன. தீப்பிடிக்காத கட்டடம் கொண்ட ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் அத்தொகுதிகளைத் தன்னிடம் வைக்குமாறு முன்பே கேட்டிருந்ததைத் தன்வரலாற்றில் அவர் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். இன்று காங்கிரஸ் நூலகத் தளத்தில் நாம் இலவசமாகப் பார்க்கும் டக்ளஸ் இதழ்கள் எஞ்சிய பிரதிகளிலிருந்து சேர்க்கப்பட்டவை. அவ்வரிசையில் இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளிகளுள் ஏதோ ஒன்றை நிரப்பும் தாள் எவர் வீட்டுச் சுவரிலாவது தொங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலுவதில்லை.

ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். இவ்விதழ்கள் அச்சான காலத்தில் தாள் மரக்கூழிலிருந்து செய்யப்படவில்லை. கந்தல் துணியின் நாரிலிருந்து செய்யப்பட்டது. எனவே 1840ஆம் ஆண்டின் செய்தித்தாள் இன்றும் மடங்குகிறது, கிழிவதில்லை. 1900ஆம் ஆண்டின் செய்தித்தாளோ பழுப்பேறி விரலில் உதிர்கிறது. காலம் இவற்றை விட்டுவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூலகங்கள் மைக்ரோஃபிலிம் எடுத்த பிறகு மூலத் தொகுதிகளைக் கழிக்கத் தொடங்கின. நிக்கல்சன் பேக்கர் 2001இல் எழுதிய ‘டபுள் ஃபோல்ட்’ நூல் இதைப் பற்றியதே. பிரிட்டிஷ் நூலகம் தன் அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளை விற்க முன்வந்தபோது, அவற்றைப் பிரித்து விற்கும் வணிகர்களிடம் போகாமல் தடுக்க அவரே பெரும்பகுதியை வாங்கினார். அத்தொகுப்பு 2004இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. நூலகர்கள் பலர் அந்நூலை மிகைப்படுத்தல் என்று மறுத்தனர். இடமும் பணமும் இல்லாத நூலகத்தின் நெருக்கடியைப் பேக்கர் போதிய அளவு கருதவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் கழிக்கப்பட்ட தொகுதிகள் எங்கே போயின என்ற அவருடைய கேள்வி இன்னும் கேள்வியாகவே நிற்கிறது.

இனி என் துறையின் பக்கம் வருகிறேன். மொழியியல் படித்தவர் ஒருவருக்கு இத்தாள்களின் வரிசை ஏன் இன்றியமையாதது?

என் ஆய்வு பெயரிடுதலைப் பற்றியது: அடிமைப்படுத்தப்பட்டோரையும் விடுதலை பெற்றோரையும் இவ்விதழ்கள் எச்சொற்களால் அழைத்தன, அச்சொற்கள் எப்போது, எவருடைய வற்புறுத்தலால் மாறின என்பது. 1837 மார்ச்சில் கார்னிஷ் தம் புதிய இதழுக்கு ‘கலர்டு அமெரிக்கன்’ என்று பெயர் சூட்டியபோது, ஏன் ‘ஆஃப்ரிக்கன்’ அன்று, ஏன் ‘நீக்ரோ’ அன்று என்று விளக்கித் தலையங்கம் எழுதினார். கருப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குடியேற்றச் சங்கம் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ‘அமெரிக்கன்’ என்ற ஒட்டு வெறும் அடைமொழி அன்று. இந்த மண்ணின் மீதான உரிமைக்கோரிக்கை. அத்தலையங்கத்தைத் தனியே எடுத்துப் படித்தால் ஓர் அறிவிப்பாகத் தோன்றும். முன்னும் பின்னும் வந்த இதழ்களின் வாசகர் கடிதங்களோடும், நிறத்தைச் சுட்டும் எப்பெயரும் வேண்டாம் என்ற வில்லியம் விப்பர் தரப்பினரின் எதிர்வாதங்களோடும் படித்தால்தான் அது ஒரு விவாதத்தின் நடுவே எடுக்கப்பட்ட நிலைப்பாடு என்பது புலப்படும். சொல்லின் பொருள் ஒரே நாளில் மாறுவதில்லை. வாரந்தோறும் சிறிது சிறிதாக நகர்கிறது. அந்நகர்வைக் காண எல்லா வாரங்களும் வேண்டும்.

‘லிபரேட்டர்’ முதல் பக்கத்தில் ‘ஒடுக்குமுறையின் புகலிடம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தி இருந்தது. அடிமை முறையை ஆதரித்த இதழ்களிலிருந்து எடுத்த பகுதிகளைக் கேரிசன் அதில் மறுபதிப்பிட்டார். எதிரியின் வாயாலேயே எதிரியைக் காட்டிக்கொடுக்கும் உத்தி அது. அப்பத்தியைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, அடிமை முறைக்கு ஆதரவான மொழி காலப்போக்கில் எவ்வாறு இறுகிற்று என்பதைக் காணலாம். தனி இதழ் வாங்குவோர் தேடுவது டக்ளஸின் பேச்சு, அடிமைச் சந்தையைக் காட்டும் முகப்புப் படம், ஒரு புகழ்பெற்ற வழக்கின் தீர்ப்பு ஆகியவற்றைத்தான். விலையும் அவற்றுக்கே. இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும் கூட்ட அறிவிப்புகள், நன்கொடையாளர் பெயர்கள், ஊர்க்கடிதங்கள் ஆகியவற்றுக்கு விலை இல்லை. எனக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் அவைதாம்.

அப்பொடி எழுத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அக்காலத்து அமெரிக்க அஞ்சல் விதி, செய்தித்தாள் ஆசிரியர்கள் தங்கள் இதழ்களை ஒருவருக்கொருவர் கட்டணமின்றி அனுப்பிக்கொள்ள இடமளித்தது. அதனால் ஓர் இதழில் வந்த கட்டுரை வேறு பல இதழ்களில் எடுத்தாளப்பட்டது. மார்ட்டின் டிலேனி பிட்ஸ்பர்கில் நடத்திய ‘மிஸ்டரி’ இதழின் பிரதிகளுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன; ஆனால் அதன் கட்டுரைகளுள் சில பிற இதழ்களின் பத்திகளில் உயிரோடிருக்கின்றன. அழிந்துபோன இதழ், அழியாத இதழின் மூன்றாம் பக்கத்தில் குடியிருக்கிறது. தமிழ் ஆய்வாளருக்கு இது புதிதன்று. மறைந்த நூல்கள் பலவற்றை உரையாசிரியர்களின் மேற்கோள்கள் வழியாகத்தானே அறிகிறோம். உரைநூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, அழகான பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அம்மேற்கோள்கள் என்னாகும்?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அடிமை ஒழிப்பாளர்களே செய்தித்தாள்களைக் கத்தரித்தவர்கள் அல்லவா? உண்மை. 1838-39இல் தியோடர் வெல்டும், அவர் மனைவி ஏஞ்சலினா கிரிம்கேயும், ஏஞ்சலினாவின் அக்கா சாராவும் நியூயார்க்கின் ஒரு வணிகப் படிப்பகம் கழித்துவிட்ட தென்மாநிலச் செய்தித்தாள்களை, 20,000 பிரதிகளுக்கு மேல், மாதக்கணக்கில் அலசினார்கள். தப்பியோடிய அடிமைகளைப் பற்றி உரிமையாளர்கள் கொடுத்த விளம்பரங்களில் அங்க அடையாளமாகக் குறிக்கப்பட்டிருந்த சூட்டுத் தழும்புகள், சங்கிலிக் காயங்கள், அறுக்கப்பட்ட காதுகள் ஆகியவற்றையெல்லாம் திரட்டினார்கள். 1839இல் வெளிவந்த அந்நூலைப் பொய் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. சாட்சிகளுள் பலர் உரிமையாளர்களே. அவர்கள் கத்தரித்த ஒவ்வொரு துண்டிலும் எந்த ஊர், எந்த இதழ், எந்தத் தேதி என்று எழுதிவைத்தார்கள். சிதறிக்கிடந்ததைச் சேர்ப்பதற்காகக் கத்தரித்தார்கள். இன்றைய வணிகரின் கத்தி சேர்ந்திருந்ததைச் சிதறடிக்கிறது. கருவி ஒன்றாயிருப்பதால் செயலும் ஒன்றாகிவிடாது.

தனியார் சேகரிப்பை ஒட்டுமொத்தமாகப் பழிப்பாரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் கருப்பின மக்களின் அச்சு வரலாற்றைப் பொருட்படுத்தாதிருந்த நீண்ட காலத்தில் அதைக் காத்தவர்கள் தனியாட்களே. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க் வங்கி ஒன்றின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்த ஆர்ட்டுரோ ஷாம்பர்க் தம் வருவாயைக் கொண்டு சேர்த்த தொகுப்பை 1926இல் கார்னகி நிறுவனத்தின் 10,000 டாலர் நிதியில் நியூயார்க் பொது நூலகம் பெற்றது. இன்று அவர் பெயரால் ஹார்லெமில் ஆய்வு மையமே இருக்கிறது. சவானாவில் வாழும் அறுவை மருத்துவர் வால்டர் எவன்ஸ், டக்ளஸின் மகன்கள் செய்தித்தாள் நறுக்குகளை ஒட்டித் தயாரித்த குறிப்பேடுகளை வாங்கிப் பாதுகாத்தார். வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட்டுக்கு அவற்றைத் திறந்துவிட்டார். பிளைட் 2018இல் வெளியிட்ட டக்ளஸ் வரலாறு அவற்றின்மேல் பெரிதும் ஊன்றி நிற்பது. 2020இல் அத்தொகுப்பு யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. எவன்ஸ் அவற்றைப் பக்கம் பக்கமாக ஏலம் விட்டிருந்தால் பணம் குறைந்திருக்காது. அந்த நூல் மட்டும் இப்போதுள்ள வடிவில் இருந்திராது.

எனவே தனியாரா, பொது நிறுவனமா என்பது என் அளவுகோல் அன்று. தொகுப்பு முழுமையாக இருக்கிறதா, பிறர் பார்க்க முடிகிறதா, தேடினால் கிடைக்கும்படி அடுக்கப்பட்டிருக்கிறதா என்பவையே கேள்விகள். மூன்றாவதைச் சிறியதென்று எண்ண வேண்டாம். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை பணியாற்றிய நூலகர் டோரத்தி போர்ட்டர், கருப்பின எழுத்தாளர்களின் நூல்கள் எத்துறையைச் சேர்ந்தவையாயினும் டியூயி பகுப்பின் 325, 326 ஆகிய எண்களுக்குள், அதாவது குடியேற்றம், அடிமை முறை என்ற தலைப்புகளுக்குள், அடைக்கப்படுவதைக் கண்டார். கவிதை நூலும் அங்கே, இசை நூலும் அங்கே. அவர் அம்முறையை ஏற்க மறுத்துப் பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் தாமே பகுத்தார். அலமாரியின் எண்ணும் ஒரு பெயரிடுதல்தான் என்பதை அவரிடமிருந்து மொழியியலார் கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, மூலத்தாள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ இதழின் 103 இதழ்களையும் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் தேடும் வசதியோடு கூடிய பெருந்தரவுத்தளங்கள் பல சந்தாவுக்குப் பின்னால் இருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அச்சந்தா எட்டாது. மேலும் அப்படங்களுள் மிகுதியானவை பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. மங்கிய பொடி எழுத்தை எழுத்துணரி மென்பொருள் தவறாகப் படிக்கிறது. தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால், சொல் இல்லையா, மென்பொருள் படிக்கவில்லையா என்பது தெரியாது. மொழித்தரவகங்களின் நிலையும் இதுவே. அமெரிக்க ஆங்கிலத்தின் வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுத்தப்படும் ‘கோஹா’ தரவகத்தில் செய்தித்தாள் பகுதி 1860களிலிருந்துதான் தொடங்குகிறது. நான் பேசும் இதழ்களின் காலம் ஏறக்குறைய முழுவதும் அதற்கு முந்தையது. எந்திரத்துக்குத் தெரியாத சொல்லை, மூலத்தாளை வைத்துத்தான் சரிபார்க்க இயலும்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதற்கு ஏன் இத்தனை கவலை என்று துறைக் கருத்தரங்குகளில் என்னைக் கேட்கிறார்கள். ஜார்ஜ் தாம்சன் என்ற ஆங்கில அடிமை ஒழிப்பாளர் 1834-35இல் அமெரிக்காவில் கேரிசனோடு இணைந்து பேசினார். 1839இல் தோன்றிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் முதன்மைக் குரலானார். துவாரகநாத் தாகூரோடு கல்கத்தா வந்து, 1843இல் வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் உருவாகத் துணைநின்றார். இந்தியப் பருத்தி பெருகினால் அமெரிக்க அடிமைப் பருத்திக்குச் சந்தை சுருங்கும் என்பது அவ்வட்டத்தாரின் கணக்கு. அந்தக் கணக்கில் நம் உழவர்களின் நலன் எவ்வளவு இருந்தது என்பது தனியே விவாதிக்க வேண்டியது. ஜோதிராவ் ஃபுலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியதும் யாவரும் அறிந்ததே. இத்தொடர்புகளின் தடயங்கள் முகப்புப் படங்களில் இல்லை. உள்பக்கங்களின் வெளிநாட்டுக் கடிதங்களில் இருக்கின்றன.

வணிகர்கள் விற்பதை நிறுத்துவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குறைந்தபட்சம், ஒரு தொகுதியைப் பிரிக்கும் முன் அதை முழுமையாகப் படமெடுத்துப் பொதுவெளியில் வைப்பதை ஏல நிறுவனங்கள் நிபந்தனையாக்கலாம். நூலகங்கள் இரட்டைப் படிகளைக் கழிக்கும்போது, பிரிக்கக் கூடாது என்ற எழுத்துமூல நிபந்தனையோடு வேறு நூலகங்களுக்குக் கொடுக்கலாம். நம்மில் எவரேனும் வெளிநாட்டில் படிக்கும்போது ஆசைப்பட்டு ஓர் இதழ் வாங்கியிருந்தால், சட்டத்திலிருந்து அதை ஒருமுறை வெளியே எடுங்கள். நான்கு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். இடது ஓரத்துத் துளைகளும் தெரிய வேண்டும், ஏனெனில் எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்பதை அவற்றின் இடைவெளியைக் கொண்டு பொருத்திப் பார்க்கலாம். மேல் ஓரத்தில் மங்கலான மையில் ஏதேனும் எழுதியிருந்தால் அதைத் தனியே படமெடுங்கள். அது பெரும்பாலும் சந்தாதாரரின் பெயராக இருக்கும். தேதி, தொகுதி எண், இதழ் எண் ஆகியவற்றோடு இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். எஞ்சிய வரிசைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் செய்கிறேன்.